அப்பா அம்மா அறைக்கு ஒரு சின்ன ஸ்மார்ட் டிவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் வீடு. ஹாலில் 55 அங்குல டிவியும் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸும் இருக்கின்றன, ஃபைபர் இணைப்பும் உண்டு. அப்பா அம்மா படுக்கும் அறை 10க்கு 11 அடி. அதற்கு ஒரு சின்ன ஸ்மார்ட் டிவி வேண்டும். அப்பா இரவு பதினொன்று வரை செய்தி பார்ப்பார், அம்மா ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார். மகன் பெங்களூருவிலிருந்து ஆன்லைனில் வாங்கி அனுப்பப் போகிறார். பட்ஜெட் 15,000 ரூபாய். 32 போதுமா, 43க்குப் போகலாமா, ஆண்ட்ராய்டு கட்டாயமா, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டிருக்கிறார்.

நான் டிவி சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன். வாங்கும்போது ஆட்கள் கேட்கும் விஷயங்களுக்கும், சில வருடம் கழித்து அதே டிவி என் மேசைக்கு வரும்போது அதில் என்ன கெட்டிருக்கிறது என்பதற்கும் பெரிய சம்பந்தம் இருப்பதில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பட்ஜெட் டிவியில் முதலில் வயதாவது அதன் ஸ்மார்ட் பாகம்தான். பேனல், அதாவது படம் தெரியும் திரை, நல்லபடியாக ஏழெட்டு வருடம் ஓடும். அதற்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் மூன்றாவது வருடமே திணற ஆரம்பித்துவிடும். அப்படித் திணறும் பாகத்தை டிவியின் பின்னால் செருகி ஆப்களை ஓட்டும் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் ஸ்டிக் ஒன்றை வைத்து ஈடுகட்டிவிடலாம். பேனலையோ, ஊரில் இல்லாத சர்வீஸ் சென்டரையோ பிறகு வாங்கிச் சேர்க்க முடியாது. உங்கள் 15,000 எங்கே போக வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கம்பெனியைத் தேடும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த அறையில் அப்பா பார்க்கப் போகும் படம் எந்த வழியாக வரும்? ஹாலில் இருக்கும் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்று நினைத்திருந்தால், ஒரு பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் தரும். ஸ்ப்ளிட்டர் போட்டு இழுத்தாலும் ஹாலில் சீரியல் ஓடினால் உள்ளேயும் சீரியல்தான். இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது பாக்ஸ் வேண்டும், அதற்கு மாதக் கட்டணமும் தனி. கேபிள்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

செய்தி மட்டும்தான் என்றால் இரண்டாவது பாக்ஸ் தேவையே இல்லாமல் போகலாம். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் யூடியூபிலேயே நேரலையாக ஓடுகின்றன. வீட்டில் ஃபைபர் இருக்கும்போது அது போதும். அம்மாவின் சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் மாதிரி ஆப்கள் வேண்டியிருக்கும். ஆனால் போனுக்கு மட்டும் என்று கொடுக்கப்படும் மலிவான திட்டங்கள் சில டிவியில் ஓடாது. நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் அப்படித்தான், போனிலும் டேப்லெட்டிலும் மட்டும் ஓடும். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் சந்தா எதுவானாலும், டிவியில் ஓடுமா, ஒரே நேரத்தில் எத்தனை திரையில் ஓடும் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கு ரிமோட்டில் சேனல் நம்பர் அழுத்தித்தான் பழக்கம் என்றால், சந்தா எவ்வளவு இருந்தாலும் அவர் மறுபடி ஹாலுக்குத்தான் போவார். அப்படிப்பட்டவருக்கு இரண்டாவது பாக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது அளவு. 32 அங்குலம் என்பது திரையின் குறுக்குக் கோடு. அகலம் சுமார் 71 செ.மீ., உயரம் 40 செ.மீ. 43 அங்குலம் அகலத்தில் 95 செ.மீ. வரும். உங்கள் அறையில் கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் ஏழிலிருந்து எட்டு அடிக்குள் இருக்கும். அந்தத் தூரத்துக்கு 32 சரியாகவே இருக்கும். 43 இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் நல்லது வாங்க வேண்டுமென்றால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். முன்பு 32 அங்குலம் வரை 18 சதவீதமும் அதற்கு மேல் 28 சதவீதமும் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் 18 சதவீதம்தான் என்று ஆனதால் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்காக 15,000, 16,000க்கு யாரோ ஒரு பெயரில் வரும் 43 அங்குலத்தைப் பிடிக்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒழுங்கான 32 வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

24 அங்குலம் இன்னும் மலிவாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். விலை நினைக்கிற அளவு குறையாது. பேனல் ஆலைகளில் 2200க்கு 2500 மி.மீ. அளவுள்ள பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து 32 அங்குலப் பேனல் பதினெட்டு வெட்டலாம், கழிவு மிகக் குறைவு. அதனால் பல வருடங்களாகவே 32 ஏராளமாகத் தயாராகிறது, விலையும் நல்ல நிலையில் இருக்கிறது. மாடல்களும் அதில்தான் அதிகம். படிக்கும் மேசைக்கு, சமையலறை அலமாரிக்கு என்று இடமே இல்லாதபோது மட்டும் 24 பாருங்கள்.

திரைத் துல்லியம் பற்றிப் பலருக்குக் கவலை இருக்கிறது. 32 அங்குலத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஹெச்டி ரெடி, அதாவது 1366க்கு 768 புள்ளிகள். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நல்ல பார்வை உள்ளவருக்கு ஆறடிக்கு அப்பால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. உங்கள் அறையில் தூரமே ஏழடிக்கு மேல். ஆகவே ஃபுல் ஹெச்டிக்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதையே கம்ப்யூட்டர் மானிட்டராகவும் வைத்து மூன்றடியில் உட்கார்ந்து எழுத்து படிக்கப்போகிறவருக்கு என் பதில் வேறு. அவர் ஃபுல் ஹெச்டிதான் எடுக்க வேண்டும், ஹெச்டி ரெடியில் எழுத்தின் விளிம்பு மங்கிக் கண் வலிக்கும். இந்த அளவு டிவிகளில் எச்டிஆர் (படத்தின் வெளிச்சமான இடங்களை இன்னும் பளிச்சென்று காட்டும் வசதி) என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்த வெளிச்சத்தைத் தரும் பலம் இவற்றின் பேக்லைட்டுக்கு, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்குக்கு, கிடையாது. ‘ஏ பிளஸ் கிரேடு பேனல்’ என்பதும் அப்படித்தான், யாரும் பொதுவாக ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் அதற்கு இல்லை.

பேனலில் பார்க்க வேண்டியது வேறு. விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை பொதுவாக வரும். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், விளக்கை அணைத்துப் பார்க்க அழகு. ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ்ஸில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது, இருட்டு அறையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். உங்கள் அறையில் கட்டிலுக்கு நேர் எதிரே டிவி வருகிறதா, ஓர மூலையில் வருகிறதா? நேர் எதிரே என்றால் விஏ. மூலையில் மாட்டி, ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள் என்றால் ஐபிஎஸ். ஆன்லைன் பக்கத்தில் இதைப் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். அதே மாடல் ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்தால், பக்கவாட்டில் நின்று திரையில் வரும் முகத்தின் நிறத்தைப் பாருங்கள், அப்புறம் குனிந்து கீழிருந்து பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது ஸ்மார்ட் பாகத்துக்கு வருகிறேன். இந்த விலையில் டிவியை இயக்கும் மென்பொருளாக கூகுள் டிவி (கூகுளின் அனுமதி பெற்ற ஆண்ட்ராய்டு இதுதான்), ஃபயர் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் ஆகிய நான்கில் எது வந்தாலும் சரி. உங்களுக்கு வேண்டிய ஆப்கள் இருக்கும், புதுப்பிப்பும் கொஞ்ச காலம் வரும். இவை எதுவும் இல்லாமல் வெறுமனே ‘ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு’ என்று எழுதி எட்டாயிரத்துக்குக் கிடைக்கும் டிவிகளிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். அவற்றில் பல கூகுளின் அனுமதி பெறாத ஆண்ட்ராய்டை வைத்து ஓடுபவை. பிளே ஸ்டோர் இருக்காது, அல்லது பெயருக்கு வேறொரு கடை இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் தான் சோதித்து அனுமதித்த டிவிகளில்தான் ஒழுங்காக ஓடும். மற்ற கட்டண ஆப்களும் இவற்றில் பழைய டிவிடி தரத்தில் மங்கலாகவே படம் காட்டும், ஏனென்றால் திருட்டுப் பதிவைத் தடுக்கும் பாதுகாப்பு உரிமத்தின் மேல் நிலை இவற்றில் இருக்காது. ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் பட்டன்கள் இருப்பது ஓரளவுக்கு நல்ல அடையாளம். பிளே ஸ்டோரைத் திறந்து காட்டச் சொல்வது இன்னும் உறுதியானது.

ரேம் பெரும்பாலும் 1 ஜிபி, சேமிப்பிடம் 8 ஜிபி என்று இருக்கும். அந்த எட்டில் பாதிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். 1.5 அல்லது 2 ஜிபி ரேம் உள்ளது ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், தினமும் தெரியும் வித்தியாசம் அது. 1 ஜிபிதான் கிடைத்தது என்றால், தேவையான நாலைந்து ஆப்களை மட்டும் வைத்துவிட்டு மீதியை நீக்கிவிடுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மறுநாள் போட்டால் கூகுள் டிவி எழுந்து வர முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் பிடிக்கும். ‘டிவி கெட்டுப்போச்சு’ என்று உங்களுக்குப் போன் வரும். ரிமோட்டில் அணைத்தால் உடனே வரும், காத்திருக்கும் நிலையில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள். டிவி ஓடும்போதே 40 வாட் அளவில்தான் எடுக்கும். தினம் ஐந்து மணி நேரம் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு யூனிட்.

வைஃபை பற்றி ஒரு வரி. பட்ஜெட் டிவிகளில் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கும். தனி வீட்டில் அது பெரிய குறை இல்லை, சுவரைத் தாண்டுவதில் அதுதான் மேல். அடுக்குமாடியில் பத்து வீட்டு ரவுட்டர்கள் மோதும் இடத்தில்தான் இரண்டு அலைவரிசையும் உள்ளது தேவைப்படும்.

செருகுமிடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் டிவியை மாட்டும் நாளில் தகராறு வருவது இங்கேதான். படமும் சத்தமும் ஒரே ஒயரில் வரும் எச்டிஎம்ஐ துளை இரண்டு கட்டாயம் வேண்டும், ஒன்று செட்டாப் பாக்ஸுக்கு, இன்னொன்று பின்னாளில் வரப்போகும் ஸ்டிக்குக்கு. அவை பக்கவாட்டிலோ அடியிலோ இருக்க வேண்டும். நேர் பின்பக்கம் பார்த்திருந்தால் சுவரோடு மாட்டிய பிறகு ஸ்டிக் நுழையாது, கழற்றித்தான் ஆக வேண்டும். உங்களுக்குக் கிடைக்கப்போவது எச்டி இல்லாத பழைய வகை பாக்ஸ் என்றால் அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் ஒயர்தான் வரும். இன்றைய 32 அங்குல டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளைகள் கிடையாது, ஹெட்போன் துளை போல ஒன்றே ஒன்று இருக்கும். அதற்கு ஒரு மாற்று ஒயர் வேண்டும். சில கம்பெனிகள் பெட்டியிலேயே கொடுக்கின்றன, சிலது கொடுப்பதில்லை. கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கலாம் என்றாலும், பின்னில் உள்ள வளையங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் கறுப்பு வெள்ளையாக உதறினாலோ, சத்தம் வர வேண்டிய இடத்தில் கொர்ரென்று வந்தாலோ டிவி கெட்டதாக நினைக்காதீர்கள், மூன்று பின்களையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

அம்மா ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 20 வாட்டா 24 வாட்டா என்று ஸ்பீக்கரை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ப்ளூடூத் ஹெட்போன் இணைக்க முடியுமா என்று பாருங்கள். சில டிவிகளில் ப்ளூடூத் என்று போட்டிருந்தாலும் அது ரிமோட்டுக்கு மட்டும்தான். அதோடு செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் சத்தமும் ஹெட்போனுக்குப் போகிறதா என்று சோதிக்க வேண்டும். காதுக்குள் திணிப்பது பெரியவர்களுக்குப் பிடிக்காது, காதின் மேல் பஞ்சு வைத்து மூடும் வகையில் லேசானது ஒன்று வாங்கிக் கொடுங்கள். டிவியில் சாதாரண ஹெட்போன் துளையும் இருந்தால் நல்லது, நீள ஒயர் போட்டால் சார்ஜ் போடும் வேலையே இல்லை.

இனி எதை நான் அதிகம் ரிப்பேர் செய்கிறேன் என்று சொல்கிறேன். பேக்லைட்தான். 32 அங்குல டிவிக்குள் திரைக்குப் பின்னால் இரண்டு அல்லது மூன்று எல்இடி பட்டைகள் இருக்கும். அதில் உள்ள விளக்குகள் சீரியல் செட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். சத்தம் வரும், படம் வராது. இருட்டில் திரையின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாக நகர்வது தெரியும். அப்படித் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டையை மாற்றக் கூலியோடு ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் முடியும். அந்த நேரத்தில் ‘பேனல் போச்சு, புதுசு வாங்குங்க’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது சீக்கிரம் வருவதற்கு முக்கியக் காரணம், ஷோரூம் வெளிச்சத்துக்காக விவிட், டைனமிக் என்று வைத்திருக்கும் அமைப்பிலேயே வீட்டிலும் ஓட விடுவது. முதல் நாளே ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, பேக்லைட்டை அறுபது எழுபது சதவீதத்துக்கு இறக்குங்கள். படுக்கையறைக்கு அதுவே அதிகம். சூடு குறையும், பட்டையின் ஆயுள் கூடும், அப்பாவின் கண்ணுக்கும் இதம்.

இரண்டாவது, துடைப்பதால் வரும் கேடு. கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தை நேராகத் திரையில் அடித்தால் அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பேனலுக்குச் சிக்னல் கொண்டுபோகும் மெல்லிய பட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. நனைந்தால் நெடுங்கோடு விழும், அதற்கு மலிவான வைத்தியம் கிடையாது. புதுப் பேனல் டிவியின் விலைக்கே பக்கத்தில் வரும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

மூன்றாவது இடி மின்னல். பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். கேபிள் ஒயர் வழியாகவும் இணைய ஒயர் வழியாகவும் வந்து எச்டிஎம்ஐ துளையைக் கருக்கிவிடும். மழைக்காலத்தில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் எந்தக் கம்பெனி? மாடல் எண்கள் ஆறு மாதத்துக்கொரு முறை மாறுவதால் மாடல் சொல்ல மாட்டேன். பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்பதால், தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ வீட்டுக்கே ஆள் அனுப்பும் கம்பெனியாக இருக்க வேண்டும். வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்து உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். சாம்சங், எல்ஜி இரண்டும் இந்த விலையின் மேல் விளிம்பில் வரும். திரையிலும் ரேமிலும் அதே காசுக்கு மற்றவர்கள் கூடுதலாகத் தருவார்கள், ஆனாலும் உங்கள் நிலைமையில் நான் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன், அந்த இரண்டு ஊரிலும் சர்வீஸ் பிடிப்பது சுலபம் என்பதற்காகவே. நகரத்தில், நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய வீடாக இருந்தால் ஃபயர் டிவியோடு வரும் ரெட்மி, அல்லது கூகுள் டிவியோடு வரும் டிசிஎல், ஏசர் போன்றவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். கோடக், தாம்சன் போன்ற பழைய வெளிநாட்டுப் பெயர்கள் உரிமம் பெற்று இங்கேயே தயாராகி வருகின்றன. பெயரை வைத்து வாங்காமல், அவற்றையும் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எந்தப் பெயரானாலும் பின்பக்க ஸ்டிக்கரில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் தயாரித்தது என்று காட்டும்.

டெலிவரி நாளில் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து திரை எரிவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். திரை உடைசலை வாரன்டி ஏற்காது, வந்தபோதே உடைந்திருந்தது என்று காட்ட அந்த வீடியோதான் உதவும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சுவரில் மாட்டும் தகடு பெட்டியில் வருகிறதா என்றும் முன்பே பாருங்கள், பலர் அதற்குத் தனிக் காசு வாங்குகிறார்கள். படுத்துக்கொண்டு பார்க்கும் அறை என்பதால் திரையின் நடு தரையிலிருந்து நாலு, நாலரை அடியில் வரட்டும். குளியலறையை ஒட்டிய சுவராக இருந்தால் தவிர்த்துவிடுங்கள், ஈரம் ஏறும்.

மாட்ட வருபவர் கிளம்பும் முன் ஒரு வேலை செய்து வாங்குங்கள். இரண்டாவது செட்டாப் பாக்ஸ் எடுத்திருந்தால், டிவியைப் போட்டதும் ஆப்கள் நிறைந்த முகப்புக்குப் போகாமல் நேராக எச்டிஎம்ஐ 1க்குப் போகும்படி அமைக்கலாம். செட்டிங்ஸில் பவர் ஆன் என்ற பகுதியில் பெரும்பாலும் இருக்கும். அப்படிச் செய்துவிட்டால் அப்பா பட்டனை அழுத்தியதும் செய்திதான் வரும், யூடியூப் வேண்டும்போது மட்டும் வீடு படம் போட்ட பட்டனை அழுத்தினால் போதும்.